உன் கணக்கில் இல்லாத இடது பக்கம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்பதே எப்போதும் என் வேண்டுதல். இங்கே நாங்கள் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். பயந்துவிடாதே, யாரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவில்லை. அப்பா காலையில் வழக்கம்போல் சட்டையை இஸ்திரி போட்டு, கையில் சீப்பை வைத்துக்கொண்டே சீப்பைத் தேடி, என்னைத் திட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் போயிருக்கிறார் என்பதுதான் என் கவலை. இதை ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். வீட்டில் உன்னோடு பேசும்போது போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும், நீ இருமினால்கூட அப்பாவுக்குக் கேட்டாக வேண்டும். என் போனுக்கு நீ அனுப்புவதையும் அவர்தான் முதலில் எடுத்து உரக்கப் படிப்பார். நேற்று ஆபீஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டேனே, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எடுத்ததும் எடுக்காததுமாக நீ வண்டியின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய், "வெளிர் நீலம் போட்டிருக்கேம்மா, அப்பாகிட்ட இருக்கிற அத்தனை சட்டைக்கும் பொருந்தும்" என்று சிரித்தாய். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிடுவேன், தனியாக இருக்கும்போது படி.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்து எதையாவது எழுதி அதைக் கோட்டைவிட்டுவிடுவேன். அப்பாவுக்குத் தெரியாமல் நீ பதிவு செய்து வைத்திருக்கும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ரத்து செய்துவிடு. வெள்ளிக்கிழமை அது நம் வாசலில் வந்து இறங்கக் கூடாது. அதற்குப் பதிலாகப் பெட்ரோல் வண்டிக்கும் பணம் அனுப்பாதே. எந்த வண்டியும் வேண்டாம். உன் ஆசையில் மண்ணைப் போடுகிறேன் என்று தெரிகிறது. முதல் பெரிய சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு வண்டி என்று நீ எவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்பதும் தெரியும். ஆனாலும் ரத்து செய்.

உன் கணக்கில் தவறு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நீ அனுப்பிய அந்த எட்டு வருடக் கணக்கை ஆபீஸில் அச்செடுத்து இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். வாங்கும் விலை எலெக்ட்ரிக்குக்குக் கூடுதல், ஆனால் அப்பா ஒரு நாளில் ஓட்டும் தூரத்துக்கு மூன்றாம் வருடத்திலேயே இரண்டும் சமமாகி, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பெட்ரோல் வண்டி கையைக் கடிக்கும் என்று காட்டியிருக்கிறாய். ஆயில் மாற்றுவது, பிளக், பெல்ட், கார்புரேட்டர் சுத்தம் செய்வது என்று நம் பழைய பெட்ரோல் வண்டி, அந்த இருமல்காரி, வருடா வருடம் தின்றதை எல்லாம் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் பிரேக் கட்டையும் டயரும் மட்டும் வைத்திருக்கிறாய். இன்சூரன்ஸ் வித்தியாசத்தைக்கூட விடவில்லை, அது என் பிழைப்பு என்பதால் நான் பார்ப்பேன் என்று தெரிந்திருக்கிறது உனக்கு. அப்பாவும் விட்டாரா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் உங்கள் இருவருக்கும் நடந்த பட்டிமன்றத்தைக் கேட்டுக்கொண்டே நான் சமையலறையில் சிரித்திருக்கிறேன். "ஆடிட்டரம்மா, ஆறாவது வருஷம் பேட்டரி மண்டையைப் போட்டா வண்டி விலையில பாதியை அது ஒண்ணே முழுங்குமே, அதை எங்க எழுதியிருக்கீங்க?" என்றார். "எழுதியிருக்கேம்பா, ஏழாவது வரியைப் பாருங்க. அந்த ஆறு வருஷத்துல நீங்க பங்க்ல ஊத்தின காசுக்கு ரெண்டு பேட்டரி வாங்கலாம்" என்றாய். அடுத்த வாரம் மறுவிற்பனை விலை என்றார், பழைய எலெக்ட்ரிக் வண்டியை எவனும் சீண்ட மாட்டான் என்றார். நீ அதற்கும் ஒரு வரி சேர்த்தாய், அப்படியும் பெட்ரோல் தோற்றது. அதற்கடுத்த வாரம் சார்ஜ் எங்கே போடுவது என்று ஆரம்பித்தார். "ரெண்டாம் மாடியிலேருந்து வயரைத் தொங்கவிட்டா கீழ்வீட்டுத் தையல்காரர் அதுல துணி காயப்போடுவார்" என்றார். நீ வீட்டுக்காரரிடமே பேசி, கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட அனுமதியும் வாங்கிவிட்டாய். அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் பெட்ரோல்தான் என்றார். "வயசானா புதுசைப் பார்த்து பயம் வந்துடுதும்மா அப்பாவுக்கு" என்று நீ என்னிடம் சொன்னாய். அவர் பயப்படுகிறார் என்பது உண்மை, புதியதைப் பார்த்து அல்ல.

நம் வீட்டில் எதையும் இப்படி எட்டு வருடம், பத்து வருடம் என்று கணக்குப் போட்டுத்தானே வாங்கியிருக்கிறோம். வாஷிங் மெஷினுக்கு நீங்கள் இருவரும் போட்ட கணக்கு முடிவதற்குள் கடையில் அந்த மாடலே நின்றுபோனது. இந்த முறையும் அப்படி இழுத்துக்கொண்டே போனால் நல்லது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். கணக்கு முடியாதவரை வண்டி வராது, வண்டி வராதவரை அவர் ஓட்ட மாட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம். இருமல்காரி எஞ்சின் இறுகி ஓடாமல் நின்ற மறுநாளே கீழ்வீட்டுத் தையல்காரர் தன் பழைய பெட்ரோல் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து, "சும்மாதானே நிக்குது சார், புதுசு வர்ற வரைக்கும் ஓட்டுங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவரை நான் மனதுக்குள் என்னவெல்லாம் சபித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது சொல்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும்தான், இடது பக்கம் அதிகம். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும், பேப்பர் படிப்பார், கடைப் பலகை படிப்பார், உன் கணக்கின் ஏழாவது வரியைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். அதனால்தான் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை இரண்டு தடவை எங்கோ உரசிக்கொண்டு வந்தார், ஒரு நாள் நம் வீட்டு கேட் தூணிலேயே மோதினார். "தூண் நேத்து இங்க இல்லைம்மா" என்று ஜோக் அடித்தார். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார், நடக்கும்போது என் மேலே வந்து இடிப்பார், நான்தான் வழியில் நிற்கிறேன் என்று திட்டுவார். கண்ணாடி நம்பர் மாறியிருக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு இருட்டு அறையில் முகவாயை ஒரு கிண்ணத்தில் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். நான் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன், ஏனென்றால் அவர் அமுக்கவே இல்லை. பரிசோதனை செய்கிற பெண், "சார், ஆரம்பிச்சாச்சு, அமுக்குங்க" என்றாள். அவர் "ஓ, ஆரம்பிச்சாச்சா" என்றார். இந்த இரண்டு வார்த்தையை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஆரம்பித்தது தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பையன் மாதிரிச் சொன்னார். அதற்குப் பிறகும் பொத்தான் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "போனது திரும்ப வராது சார். இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம், ஒரு நாளும் விடக் கூடாது. வண்டி மட்டும் வேண்டாம், இன்னையோட நிறுத்திடுங்க" என்றார். அப்பா "சரிங்க டாக்டர்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து, சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "அப்படியெல்லாம் பார்க்காத. வண்டி இல்லாம கடை கடையா ஏறி ஆர்டர் எடுக்க முடியுமா? நோட்டும் பேனாவும் தானா நடந்து போய்க் கடையில உக்காந்துக்குமா?" என்றார். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டே, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ஆடிட்டரம்மாவுக்குத் தெரிஞ்சா அங்க வேலையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். நான் தலையை ஆட்டினேன். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்த வாக்கைத்தான் இப்போது உடைத்துக்கொண்டிருக்கிறேன், உடைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, இவ்வளவு நாள் ஆனதில்தான் வருத்தம்.

அன்றிலிருந்து நாங்கள் எப்படிப் போகிறோம் தெரியுமா? காலையில் என்னை ஆபீஸில் இறக்கிவிட்டுத்தான் அவர் கடைகளுக்குப் போவார், நான் எப்போதும் போலப் பின்னால் உட்காருவேன். முதல் நாள் ரவுண்டானாவில் இடது பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ வந்தது, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். என் கை தானாக அவர் இடது தோளைத் தட்டியது. அவர் நின்றார். ஆட்டோ போனது. ஏன் தட்டினாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளும் தட்டினேன். ஒரு தட்டு என்றால் யாரோ வருகிறார்கள், கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் நில், எடுத்துவிட்டால் போகலாம். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காமல் இப்படி ஒரு பாஷை எங்களுக்குள் வந்துவிட்டது. இத்தனை வருடக் கல்யாணத்தில் நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை, போ. வீட்டில் ஒரு ஸ்க்ரூ கழற்றுவதற்குக்கூட உன் அப்பாவுக்கும் எனக்கும் வாய்ச்சண்டை வரும், ரோட்டில் ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரிப் போகிறோம். சில நாள் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? ஆபீஸ் வாசலில் இறங்கியதும் அந்தச் சந்தோஷம் போய்விடும். அதற்கு மேல் அவர் தனியாகப் போகிறார். சந்தையடித் தெரு, பள்ளிக்கூடத் தெரு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மொத்தக் கடைகள். அங்கெல்லாம் அவர் தோளைத் தட்ட யாரும் இல்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். விபத்து நஷ்டஈட்டு மனுக்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. வருகிறவர்களை ஒரு படம் வரையச் சொல்வோம், ரோடு எங்கே, நீங்கள் எங்கே, அவர் எங்கே என்று. சின்னக் கட்டம், ஒரு அம்புக்குறி, எதிரே இன்னொரு அம்புக்குறி. கீழே எல்லோரும் எழுதுகிற வாக்கியம் ஒன்றுதான், திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்கள் என்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினேன். இப்போது, யாரும் திடீரென்று வருவதில்லை, அவர்கள் நடந்துதான் வந்திருக்கிறார்கள், இவர் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று மாதமாக எந்த மனுவைப் பிரித்தாலும் அந்தக் கட்டத்துக்குள் உன் அப்பாதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் விழுந்து கையை உடைத்துக்கொள்வது பற்றி மட்டும் நான் நினைப்பதில்லை, அம்மாடி. அந்த எதிர் அம்புக்குறி யார் என்று நினைக்கிறேன். பாலுக்குப் போகிற யாரோ, பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிற யாரோ. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம், நான் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் ஓட்டாதே என்று சொன்ன பிறகு ஓட்டினாரா என்று எங்கள் ஆபீஸிலேயே கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த எலெக்ட்ரிக் வண்டியை ஓட்டிப்பார்க்கப் போன நாளைப் பற்றி அப்பா உன்னிடம் எவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்! சீட் மெத்தை மாதிரி இருக்கிறது, கடைப் பையன் தன்னை அங்கிள் என்று கூப்பிட்டான் என்றெல்லாம். நடந்தது அது மட்டும் இல்லை. நீ வற்புறுத்தியதால் போனோம், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஷோரூமைச் சுற்றி இருக்கும் தெருவில் ஒரு சுற்று. வண்டி தண்ணீரில் மிதக்கிற மாதிரிப் போனது, ஒரு சத்தம் இல்லை. மருந்துக்கடைக்கு முன்னால் ஒரு பெண், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து, இடது பக்கமாக ரோட்டுக்குள் இறங்கினாள். நாங்கள் வருவது அவளுக்குக் கேட்கவே இல்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தட்டினேனா, கத்தினேனா, சட்டையைப் பிடித்து இழுத்தேனா தெரியவில்லை. வண்டி அந்தத் தள்ளுவண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் திரும்பி, "யோவ், பெரிய மனுஷன்தானே நீ, இவ்ளோ கிட்ட வந்து நிக்கிற? ஹாரன் அடிக்கத் தெரியாதா? பூனை மாதிரி வந்து நிக்கிறியே!" என்று பிடித்துக்கொண்டாள். உன் அப்பாவை யாராவது ரோட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக முடியுமா? அன்று குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டு மாடிப்படி ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: "சத்தமே இல்லையேம்மா அதுல. நான் வர்றது யாருக்குமே தெரியாது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பேட்டரி, மறுவிற்பனை, வயர், பிளக் பாயின்ட் எல்லாம் உனக்குச் சொன்ன காரணங்கள். பெட்ரோல் வண்டி இரைந்துகொண்டு வந்தால் ஜனங்கள் தானாக ஒதுங்குவார்கள். தான் பார்க்காவிட்டாலும் மற்றவர்களுக்குக் கேட்கும் என்று, தன் இடது பக்கத்தை ஊரார் காதில் ஒப்படைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இருமல்காரியின் சைலன்சரில் ஓட்டை விழுந்தும் ஏன் மாற்றவில்லை என்று நீ போன தடவை வந்தபோது கேட்டாயே, கஞ்சத்தனம் என்று கேலி செய்தாயே. இப்போது நீ அந்த வெளிர் நீல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், மகள் வாங்கிக் கொடுத்தது என்பதற்காகவே அவர் அதை ஓட்டுவார். உன் மனது நோகக் கூடாது என்று, பயத்தோடு, சத்தமே இல்லாமல் ஓட்டுவார். இதை நினைத்துத்தான் எனக்கு நேற்று உன்னிடம் பேச்சு வரவில்லை.

உன் கணக்கில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். எலெக்ட்ரிக் ஒன்று, பெட்ரோல் ஒன்று, மூன்றாவதாக வண்டியே இல்லை என்று ஒன்று. அப்பாவின் கம்பெனியில் போனில் ஆர்டர் எடுக்கிற மேஜை ஒன்று காலியாக இருக்கிறது, மேனேஜரே இரண்டு தடவை கேட்டுவிட்டார். அப்பா அதை நாற்காலி தேய்க்கிற வேலை என்கிறார். சம்பளம் குறையும், கமிஷன் போய்விடும். நான் இங்கே உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். எட்டு வருடத்துக்குப் பஸ் செலவு, அவசரத்துக்கு ஆட்டோ, சொட்டு மருந்து, குறைகிற சம்பளம் எல்லாம் சேர்த்தால் மூன்றாவது கட்டம் மற்ற இரண்டிடமும் தோற்கிறது, கொஞ்சநஞ்சமாக இல்லை. இரண்டு தடவை போட்டேன், மாறவில்லை. அதை ஜெயிக்க வைக்க ஏதாவது ஒரு வரியைக் கூட்டிக் குறைத்து எழுதச் சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், அந்த அளவுக்கு வந்துவிட்டேன். வேண்டாம். அவர் கண்டுபிடித்துவிடுவார், கணக்கில் ஏமாற்றினால் அதற்குப் பிறகு உன்னையும் நம்ப மாட்டார். அது தோற்கிறது என்று தோற்கிற மாதிரியே எழுதி அவருக்கு அனுப்பு. அந்தத் தள்ளுவண்டிக் குழந்தைக்கு எந்த வரியிலும் இடம் இல்லை, அதையும் அவருக்குச் சொல்.

இதுவரை எழுதியதை நேற்றே அனுப்பியிருக்க வேண்டும், மணி அடித்துவிட்டது, மடித்துப் பையில் வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க, உன்னை எதற்கு இதில் இழுக்க வேண்டும், நானே முடித்துவிட மாட்டேனா என்று ஒரு எண்ணம். காலையில் கிளம்பும்போது, "நான் இனிமே பஸ்ல போறேங்க" என்றேன். "ஏம்மா, என்ன கோபம்?" என்றார். "கோபமெல்லாம் இல்லை. நான் ஏற மாட்டேன். நீங்களும் என்கூட வாங்க" என்றேன். "பஸ்ல போய் எத்தனை கடையைப் பார்க்கிறது, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்ககிட்டதான் ஆர்டர் எடுத்துட்டு வருவேன்" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தெருமுனை வரைக்கும் போனார். அங்கே பெரிய ரோட்டில் ஏற வேண்டும். நின்றார். உடம்பு மொத்தத்தையும் இடது பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு வலது பக்கம், மறுபடி இடது பக்கம். அவர் வலது பக்கம் பார்த்து முடிப்பதற்குள் இடது பக்கம் வேறு யாராவது வந்துவிடுகிறார்கள். ரோடு காலியாக இருந்த நேரத்தில்கூட அவர் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான், வண்டியை ஓரமாக இழுத்து வழி விட்டார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்பி வருவார், சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிடுவார், எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். திரும்பித்தான் வந்தார், எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு. என் முன்னால் வந்து நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஏறிக்கோயேன்" என்றார்.

ஏறினேன். என் மேல் கோபப்படாதே. உன் அப்பா இதுவரை என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. தெருமுனையில் தட்டினேன், ரவுண்டானாவில் தட்டினேன். ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, "சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தையடித் தெருப் பக்கம் திரும்பினார். வண்டிச் சத்தம் மற்ற சத்தங்களோடு கலந்து தேயும் வரைக்கும் படியிலேயே நின்றேன். பிறகு உள்ளே வந்து இந்தக் காகிதத்தைப் பிரித்தேன். இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கேட்டால் எனக்கு மறுக்க வராது, நீ கேட்டால் அவருக்கு மறுக்க வராது. அதனால் நீதான் கேட்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றே ஆரம்பி, கோபம் வந்தால் என் மேல் வரட்டும். நீ வேலையை விட்டு ஓடி வர வேண்டாம், அவர் பயப்படுவதே அதற்குத்தான், அதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. சொட்டு மருந்து போடுகிறாரா என்று கேள், என்னிடம் போட்டாயிற்று என்பார், சீசா அப்படியே இருக்கிறது. அந்தப் போன் மேஜையை ஏற்றுக்கொள்ளச் சொல். அடுத்த தடவை நீ வரும்போது ஸ்டேஷனில் கூட்டத்துக்குள் உன் முகத்தை அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு இருக்கிற பார்வையாவது இருக்க வேண்டும் என்று சொல். உனக்கு எப்படிச் சொல்ல வருமோ அப்படிச் சொல்.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் கலங்காத மனதும் கிடைக்கட்டும், என் கண்ணே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி நடக்கட்டும், இந்த ஒரு காரியமும். எப்போதும் கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்பேன், இன்று அதைப் பிறகு பார்த்துக்கொள், முதலில் அந்தப் பதிவை ரத்து செய். சாயங்காலம் அவர் வந்ததும் ஏதாவது வாங்க வேண்டும் என்று சொல்லி நான் வெளியே போய்விடுவேன், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். அந்த நேரத்தில் கூப்பிடு. அவருக்கு அழ வேண்டும் என்று இருந்தால் நான் அங்கே இருக்கக் கூடாது. நீ பேசி முடிக்கும் வரைக்கும் கீழே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா